மரத்தில் விளையும் ஆட்டுக்கால்
முடவாட்டுக்கால் பெரணியைத் தோட்டத்து நிழல் மரங்களில் காப்பாற்றலாம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே செல்வோர், சாலையோரக் கடைகளில் ஒரு விநோதப் பொருளைக் காணலாம். ஒரு சாண் நீளம் இருக்கும். கட்டைவிரலைவிடத் தடிமனாக இருக்கும். மேலெல்லாம் பழுப்பு நிறச் சுணை அடர்ந்திருக்கும். சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், தோல் உரிக்காத ஆட்டுக்காலை அடுக்கி வைத்திருக்கிறார்களோ என்றே தோன்றும். பக்கத்திலேயே ஓர் அடுப்பில் மிளகும் சீரகமும் மணக்கச் சூப்புக் கொதித்துக்கொண்டிருக்கும். ஏற்காட்டிலும் இதே காட்சிதான்.

இதன் பெயர் முடவாட்டுக்கால் கிழங்கு. ஆட்டுக்கால் கிழங்கு என்றும் சொல்வதுண்டு. முடவனையும் எழுந்து நடக்க வைக்கும் என்ற நம்பிக்கையால் இப்பெயர் வந்தது என்பார்கள். மூட்டு வலிக்கு நல்லது என்று மலைவாழ் மக்கள் நெடுங்காலமாகச் சூப்பு வைத்துக் குடித்து வருகின்றனர். முன்பு மலைக்கு வந்தவர்கள் வீட்டுக்கு ஒன்றிரண்டு வாங்கிப் போனார்கள். இப்போது யூடியூப் படங்களைப் பார்த்துவிட்டுத் தேடி வருகிறார்கள். காய வைத்தும், சூப்புப் பொடியாக்கியும் வெளியூர்களுக்குத் தபாலில் போகிறது. கேட்பவர் பெருகிவிட்டனர். ஆனால் இதை நட்டு வளர்ப்பவர் அரிது. விற்பனைக்கு வருவதில் பெரும்பகுதி பாறையிலிருந்தும் மரத்திலிருந்தும் பெயர்த்து வந்ததுதான்.

இந்தச் செடியைப் பற்றி விவசாயிகளிடையே இரண்டு தவறான எண்ணங்கள் இருக்கின்றன. ஒன்று, இது கிழங்கு என்பது. மற்றொன்று, இது மரத்தை உறிஞ்சும் புல்லுருவி என்பது. முதல் எண்ணத்தால் செடி காட்டில் அழிகிறது. இரண்டாவது எண்ணத்தால் தோட்டத்தில் அழிகிறது.

கிழங்கு அல்ல, தண்டு

முடவாட்டுக்கால் ஒரு பெரணிச் செடி. தாவர நூல்களில் இதன் பெயர் ட்ரைனேரியா குவர்சிஃபோலியா. ஓக் மரத்தின் இலையைப் போன்ற இலை உடையது என்பது பின்பாதிச் சொல்லின் பொருள். 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இச்செடிக்கு இந்த அடைமொழியை இட்டார். மேற்குத் தொடர்ச்சி மலை, கிழக்குத் தொடர்ச்சி மலை, இலங்கை, மலேசியா, பிலிப்பைன்ஸ் எனத் தொடங்கி ஆஸ்திரேலியாவின் வடபகுதி வரை இது பரவியிருக்கிறது. மலைக்கு மட்டுமே உரியது என்றும் சொல்ல முடியாது. ஈரக்காற்று உள்ள சமவெளிகளில் மாமரக் கவட்டிலும், பனையின் பழைய மட்டை இடுக்குகளிலும் வளர்வது உண்டு.

நாம் கிழங்கு என்று வாங்கி வருவது இதன் தண்டு. மஞ்சளும் இஞ்சியும் மண்ணுக்குள் படுத்து வளரும் தண்டுகள் அல்லவா? அதைப் போல இது மரப்பட்டையின் மேலும் பாறையின் மேலும் படுத்து ஊர்ந்து வளரும் தண்டு. ஒரு நுனி எப்போதும் முன்னே நகர்ந்துகொண்டிருக்கும். அந்த நுனியில்தான் புது இலைகள் வரும். பின்பகுதி வயதாகிப் பழுத்துக் கிடக்கும். பழுப்புச் சுணை, தண்டு காய்ந்து போகாமல் காக்கும் போர்வை. அதைச் சுரண்டினால் உள்ளே வெளிர்ப்பச்சைச் சதை தெரியும்.

கிழங்கு என்ற சொல்தான் இதற்குப் பகையாயிற்று என்று சொல்ல வேண்டும். கிழங்கு என்றால் வேரோடு பிடுங்குவது நம் பழக்கம். ஆனால் மரவள்ளியை எண்ணிப் பாருங்கள். கொல்லிமலையிலும் நாமக்கல், சேலம் பகுதிகளிலும் மரவள்ளி பிடுங்காத விவசாயி குறைவு. கிழங்கைப் பிடுங்குகிறவர் குச்சியை எறிந்துவிடுவதில்லை. கட்டு கட்டி நிழலில் நிறுத்தி வைத்து, அடுத்த பட்டத்துக்குக் கரணையாக நறுக்கி நடுகிறார். முடவாட்டுக்கால் எடுப்பவரோ கிழங்கையும் குச்சியையும் ஒன்றாக விற்றுவிடுகிறார். ஏனெனில் இதில் இரண்டும் ஒன்றே. வளரும் நுனியும் விலைக்குப் போய்விடுகிறது. அந்தப் பாறையில் மிஞ்சுவது வெறும் தழும்பு.

விதை விழுந்து மறுபடி முளைக்காதா என்று கேட்கலாம். பெரணிகளுக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. பச்சை இலையின் அடிப்புறத்தில் வரிசை வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் தெரியும். அவற்றிலிருந்து பொடி போன்ற ஸ்போர்கள் காற்றில் பறக்கும். ஈரமான பட்டையிலோ பாசி படர்ந்த பாறையிலோ விழுந்தால் முளைக்கும். முதலில் வருவது செடி அல்ல, நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு பச்சைத் தகடு. அந்தத் தகட்டின் மேல் நீர்ப்படலம் இருந்தால்தான் கருக்கூடி, அதிலிருந்து செடி கிளம்பும். இடையில் வெயில் காய்ந்தால் கதை முடிந்தது. கோடிக்கணக்கில் ஸ்போர்கள் பறந்தாலும் செடியாவது மிகச் சில. அப்படி வந்த செடியும் விற்கும் அளவுக்குத் தடித்த தண்டாக ஆக ஆண்டுகள் பல ஆகும். ஒரு நிமிடத்தில் பெயர்த்தெடுத்ததைக் காடு மீண்டும் தர அவ்வளவு காலம் ஆகிறது.

மரத்தின் மேல் ஓர் எருக்குழி

மண் இல்லாத இடத்தில் இது எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் சுவையான செய்தி. மரத்தில் ஏறிப் பார்த்தால் ஒரே செடியில் இரண்டு வகை இலைகள் இருப்பது தெரியும். நீண்டு வளர்ந்து, ஆழமாகப் பிளந்து, இரண்டு மூன்று அடிக்குக் கிளம்புவது பச்சை இலை. உணவு தயாரிப்பதும் ஸ்போர் உண்டாக்குவதும் இதன் வேலை. தண்டை ஒட்டி, காம்பில்லாமல், உள்ளங்கையைக் குவித்து வைத்தது போல நிற்பது மற்றொரு வகை. அதைக் கூடை இலை எனலாம். இது இளமையிலேயே பச்சை நிறம் இழந்து பழுப்பாகி, காய்ந்த சருகு போல ஆகிவிடும். ஆனால் உதிர்ந்து விழாது. பல காலம் அப்படியே நிற்கும்.

தெரியாதவர் அதைக் காய்ந்த குப்பை என்று நினைத்துச் சுத்தம் செய்துவிடுவார். செடியின் உயிர்நாடியே அந்தக் கூடைதான். மேலிருந்து விழும் இலைச்சருகு, பட்டைத்தூள், காற்றில் வரும் புழுதி, பூச்சிகளின் எச்சம் யாவும் அதில் தங்குகின்றன. மழைநீர் கிளை வழியே வழிந்து வரும்போது அதுவும் நனைந்து ஊறுகிறது. நாளடைவில் அங்கே மட்கிய எரு சேர்கிறது. பெரணியின் வேர்கள் அந்த எருவுக்குள் பரவி உணவும் நீரும் எடுத்துக்கொள்கின்றன. விவசாயி கொல்லைப்புறத்தில் எருக்குழி போடுவது போல, இந்தச் செடி தனக்கு வேண்டிய எருக்குழியை மரத்தின் மேலேயே அமைத்துக்கொள்கிறது. அந்த எருவில் எறும்புகளும் பலவகைச் சிற்றுயிர்களும் குடியிருக்கும்.

கோடையில் பச்சை இலையின் மடல்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, நடுநரம்பு மட்டும் ஈர்க்குச்சி போல நீட்டிக்கொண்டிருக்கும். அப்போது செடி செத்துவிட்டது என்று எண்ணிப் பிய்த்து எறிபவர்கள் உண்டு. அது சாகவில்லை. தண்டில் சேமித்த நீரோடும் உணவோடும் உறங்குகிறது. முதல் மழைக்கு நுனியிலிருந்து புது இலை சுருள் சுருளாகக் கிளம்பிவிடும்.

புல்லுருவிக்கும் இதற்கும் வேறுபாடு

மாமரத்திலும் சப்போட்டாவிலும் புல்லுருவி படர்ந்து தொல்லைப்பட்ட விவசாயிக்கு, மரத்தின் மேல் எது வளர்ந்தாலும் சந்தேகம் வருவது இயற்கையே. புல்லுருவி மரத்தின் பட்டையைத் துளைத்து உள்ளே உறிஞ்சு வேர் செலுத்தும். மரம் மண்ணிலிருந்து ஏற்றும் நீரையும் சத்தையும் பங்கு போட்டுக்கொள்ளும். புல்லுருவி பிடித்த கிளையை வெட்டிப் பார்த்தால், இரண்டும் ஒட்டுக் கட்டியது போல ஒன்றாகப் பிணைந்திருக்கும். பிடித்த கிளை மெலிந்து நுனி காயும். அதை வெட்டி அகற்றுவது சரியே.

முடவாட்டுக்கால் அந்த இனம் அல்ல. இது தொற்றுத் தாவரம். இருக்க இடம் மட்டும் கேட்கும், சோறு கேட்காது. வேர்கள் பட்டையின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு நிற்குமே தவிர உள்ளே நுழைவதில்லை. ஐயமிருந்தால் ஒரு சிறு துண்டை மெல்லத் தூக்கிப் பார்க்கலாம். அடியில் பட்டை முழுமையாக இருக்கும், துளை இராது. வெறும் பாறையின் மேலும் இது செழித்து வளர்கிறதே, பாறையில் உறிஞ்ச என்ன இருக்கிறது?

ஆயினும் இதனால் இடைஞ்சலே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. பெரிய தொகுதி ஒன்று மழையில் ஊறினால் நல்ல கனம் ஏறும். பட்டுப்போன கிளையிலும், உளுத்த கிளையிலும் அத்தகைய தொகுதி இருந்தால் காற்றுக்காலத்தில் முறிந்து கீழே இருக்கும் காபிச் செடியின் மேல் விழலாம். மிளகுக்கொடி ஏறும் அடிமரத்தில் இது குறுக்கே படர்ந்தால் கொடியின் பிடிப்பு வேர்களுக்கு இடமில்லாமல் போகும். அங்கிருந்து பெயர்த்து, மேலே கொடி எட்டாத கிளைக்கு மாற்றிவிடலாம். காபிச் செடியின் தண்டிலேயே பாசியோ பெரணியோ பிடித்தால் வழக்கம்போல் துடைத்துவிட வேண்டியதுதான். நிழல் மரத்தின் உறுதியான கிளைகளில் இருப்பதை விட்டுவிட வேண்டும். பலா, அத்தி போன்ற பழைய நிழல் மரங்களின் சொரசொரப்பான பட்டையும் அகன்ற கவடுகளும் இதற்கு ஏற்றவை. அத்தகைய மரங்களை வெட்டிவிட்டுச் சில்வர் ஓக் மட்டும் நட்டு, பக்கக் கிளைகளையும் கழித்து நிறுத்திய தோட்டங்களில் பெரணி தங்கக் கவடு ஏது?

கோடையில் புல்லுக்கும் சருகுக்கும் தீ வைப்பது மற்றொரு கேடு. கூடை இலைகள் காய்ந்த காகிதம் போன்றவை. தாழ்ந்த பாறைகளில் உள்ள செடிகளில் தீ பற்றினால் சுணை, தண்டு எல்லாம் கருகிவிடும்.

கழிக்கும் கிளையில் கிடைக்கும் வருவாய்

காபித் தோட்டம் வைத்திருப்பவர்கள் ஆண்டுதோறும் பருவமழைக்கு முன் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சத்தைச் சீர்செய்வது வழக்கம். அவ்வாறு வெட்டி வீழ்த்தும் கிளைகளில் முடவாட்டுக்கால் தொகுதிகள் இருக்கும். பெரும்பாலும் அவை விறகோடு விறகாகப் போகின்றன, அல்லது தரையில் கிடந்து அழுகுகின்றன. விற்பதற்கு முதலில் எடுக்க வேண்டியது இவற்றைத்தான். ஒரு செடியையும் அழிக்காமல் கிடைக்கும் சரக்கு இது. காற்றில் முறிந்து விழுந்த கிளைகளிலும் இப்படியே பொறுக்கலாம்.

அப்படி எடுத்ததிலும் முழுவதையும் விற்றுவிடக் கூடாது. ஒவ்வொரு தண்டிலும் வளரும் நுனிப்பகுதியை, ஒரு சாண் அளவுக்குக் குறையாமல், இரண்டொரு இலைகளோடும் அடிவேர்களோடும் அரிந்து தனியே வைத்துக்கொள்ள வேண்டும். இதுவே விதைக்கரணை. பின்பகுதியை விற்கலாம். நின்று வளரும் தொகுதியிலிருந்து எடுக்க நேர்ந்தாலும் இதே முறைதான். கையால் பிடித்து இழுக்காமல், கூரிய கத்தியால் பழைய பின்பகுதியை மட்டும் அரிந்து எடுக்க வேண்டும். நுனிகள் மரத்திலேயே இருக்கட்டும். தொகுதியில் பாதிக்கு மேல் எடுக்கக் கூடாது. ஒருமுறை எடுத்த மரத்தில் அது மீண்டும் நன்றாகப் படர்ந்த பின்னரே கை வைக்க வேண்டும்.

கரணையை மண்ணில் புதைத்தால் அழுகிவிடும். பலரும் செய்யும் பிழை இது. கிழங்கு என்ற பெயர் இங்கேயும் ஏமாற்றுகிறது. சொரசொரப்பான பட்டையுள்ள உயிர்க்கிளையின் கவட்டில், சிறிது தேங்காய்நார் அல்லது மட்கிய இலைச்சருகைப் பரப்பி, அதன் மேல் தண்டை மரத்தோடு ஒட்டினாற்போல் படுக்க வைத்துக் கயிற்றுநாரால் கட்ட வேண்டும். வேர் உள்ள பக்கம் மரத்தை நோக்கியும், நுனி வெளிச்சத்தை நோக்கியும் இருக்கட்டும். பிளாஸ்டிக் கயிறு வேண்டாம். அது மட்காமல் இருந்து, மரம் பருக்கும்போது பட்டையில் வெட்டிவிடும். தேங்காய்நார்க் கயிறு, செடி தானே பற்றிக்கொள்ளும் வரை தாங்கினால் போதும், பிறகு மட்கிப் போகும். தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கட்டினால் வடகிழக்குப் பருவமழை முடியும் வரை தொடர்ந்து ஈரம் கிடைக்கும். இடையில் மழை தவறினால் வாரம் இரண்டு முறை தண்ணீர் தெளிப்பது நலம். உரம் எதுவும் தேவையில்லை. நேர்வெயில் படாத, ஆனால் வெளிச்சமும் காற்றும் உள்ள இடமாக இருக்க வேண்டும்.

வீட்டருகே வளர்க்க விரும்புவோர் தேங்காய் மட்டைகளை அடுக்கிய தொட்டியிலோ, பழைய மரக்கட்டையிலோ கட்டி வைக்கலாம். தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இதில் எத்தனை ஆண்டில் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு, ஏக்கர் கணக்குப் போட்டு இறங்க வேண்டாம். முடவாட்டுக்கால் மிளகைப் போன்ற பணப்பயிர் அல்ல. வளர்ச்சி மெதுவானது. காபியும் மிளகும் இருக்கும் தோட்டத்தில், தனி நிலமோ தனிச் செலவோ இல்லாமல் நிழல் மரத்தின் மேல் கிடைக்கும் ஒரு சில்லறை வரும்படி என்று கொண்டால் ஏமாற்றம் இராது. சாலையோரத்தில் கூறு கட்டி விற்கும் மலைவாழ் பெண்களுக்கு அந்தச் சில்லறை வரும்படி சிறியதல்ல. பாறைகள் வெறுமையாகிவிட்டால் முதலில் வயிற்றில் அடி விழுவது அவர்களுக்கே.

சொந்த நிலத்தில் உள்ளதைப் பற்றித்தான் இதுவரை சொன்னது. காப்புக்காட்டில் எடுப்பது வேறு. வனத்துறையின் அனுமதி இல்லாமல் அங்கே எதையும் எடுக்க முடியாது. 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மலைவாழ் மக்களுக்குச் சிறுவன மகசூலின் மீது உரிமை வழங்குகிறது. கிராம சபை மூலம் அந்த உரிமையைப் பதிவு செய்துகொள்பவர்கள், எந்தப் பாறையில் எந்த ஆண்டு எடுப்பது, எதை விட்டுவைப்பது என்று தங்களுக்குள் முறை வகுத்துக்கொள்ளவும் முடியும். வெளியாள் வந்து சாக்குச் சாக்காக அள்ளுவதைத் தடுக்க அது ஒரு பிடி.

சூப்புக் குடிப்பவர்களுக்கு

சுணையைக் கத்தியால் சுத்தமாகச் சுரண்டி, கழுவி, உள்சதையைச் சிறு துண்டுகளாக நறுக்கிக்கொள்வார்கள். மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துத் தட்டியோ அரைத்தோ நீரில் நன்றாகக் கொதிக்க வைத்து வடித்து, கொத்தமல்லித் தழை தூவிக் குடிப்பார்கள். ஆட்டுக்கால் சூப்பின் மணமும் சுவையும் ஓரளவு இருப்பதால் புலால் உண்ணாதவர்களும் விரும்புகிறார்கள்.

மருத்துவக் குணத்தைப் பற்றி மிகைப்படுத்திப் பேசுவது நல்லதல்ல. தண்டின் சாரம் வீக்கத்தையும் வலியையும் குறைப்பதாக ஆய்வுக்கூடங்களில் எலிகளை வைத்துச் செய்த சோதனைகள் காட்டியிருக்கின்றன. இதே இனத்தைச் சேர்ந்த வேறொரு பெரணியைச் சீன மருத்துவர்கள் எலும்பு முறிவுக்குப் பயன்படுத்தி வருகிறார்கள். ஆகவே மலைவாழ் மக்களின் அனுபவத்தை வெறும் கதை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் எலிக்குச் செய்த சோதனை மனிதருக்கு இவ்வளவு கொடுக்கலாம் என்று அளவு சொல்லாது. மூட்டு வீங்கி நடக்க முடியாதவர்கள் டாக்டரிடம் காட்டுவதை நிறுத்திவிட்டுச் சூப்பை நம்பியிருக்கக் கூடாது. கர்ப்பிணிகளும், தொடர்ந்து மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்க வேண்டாம்.

கடையில் வாங்கும்போது, சுணையோடு பச்சையாக இருப்பதைக் கவனித்துப் பார்க்கலாம். ஒரு முனையில் வெளிர்நிற இளஞ்சுணை மொட்டுப் போலத் திரண்டிருந்தால் அது வளரும் நுனி. வாங்கி வருபவர் அந்த நுனியைச் சூப்புக்குப் போடாமல் அரிந்து, வீட்டு மாமரக் கவட்டில் மேலே சொன்ன முறைப்படி கட்டி வைக்கலாம். வாடியிருந்தாலும் ஓர் இரவு ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டு மறுநாள் கட்டிப் பார்க்கலாம். வறண்ட ஊர்களில் பிடிப்பது கடினம். கிணற்றடி, தென்னந்தோப்பு, வாய்க்கால் கரை என்று காற்றில் ஈரம் உள்ள இடங்களில் பிடிக்க வாய்ப்பு உண்டு. கட்டிய தண்டின் நுனியில் புதிதாக ஒரு கூடை இலை கிளம்புகிறதா என்று பார்க்க வேண்டும். பச்சை இலை பழைய சேமிப்பிலிருந்தே வந்துவிடலாம். கூடை இலை விரிந்து பட்டையோடு ஒட்டினால்தான் செடி அந்த மரத்தில் குடியேறிவிட்டது என்று கொள்ளலாம்.